படியிறங்கும் இடம்

துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவின் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்யப் போகிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை அவர் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குள் கிற்றாரில் ஒரு ஞானப்பாட்டைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டால் அப்பா திரும்பி வருவார் என்று கடவுளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டேன். கடவுளிடம் சம்மதம் கேட்டதாக ஞாபகமில்லை.

பாட்டைக் கைபேசியில் ஒரு வீடியோவில் பிடித்தேன். சொற்கள் இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் விரல்கள் மட்டும். கட்டைவிரல் தடித்த கம்பிகளைத் தட்டிக்கொண்டே போக, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் இராகத்தை எடுக்க வேண்டும். என் கட்டைவிரலோ சொல்வழி கேட்காது. கடைசி அடியில் தடுமாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்குவேன்.

பாலையூற்றில் எங்கள் பக்கம் வீடுகள் நெருக்கம். நான் வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு மாமி ஈரத்தலையோடு ஓடிவந்தார்.

"அப்பாவுக்கு என்ன பிள்ளை?"

அப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பதைக் கண்டதும், சீனி கேட்க வந்ததாகச் சொன்னார். அடுத்த நாள் வெள்ளைச் சேலையே கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் சீனிதான். அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

"வேற பாட்டு ஒண்டும் கிடைக்கேல்லையே உனக்கு?"

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் சபையில் அது பிரேதப்பெட்டியை வீட்டிலிருந்து தூக்கும்போது மட்டும் பாடுகிற பாட்டு. சாவீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டார்கள், எனக்கு எப்படித் தெரியும்? பாட்டை மாற்றினால் உடன்படிக்கை முறிந்து அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அதையே வாசித்தேன்.

ஞாயிறு பின்னேரம் அம்மா கிற்றாரை வாங்கி வைக்க வந்தபோது அப்பா தடுத்தார்.

"விடும், பிள்ளை வாசிக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எப்படியோ தடுமாறாமல் முடித்துவிட்டேன்.

"நல்லா இருக்கு. கடைசி அடியை மட்டும் மெல்லமா வாசி. எங்கட வாசல் படி உயரம், தூக்கிறவை பாத்து இறங்க வேணும்."

அம்மா குசினிக்குள் போய்விட்டார். யார், எதைத் தூக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா சொன்னபடி மெல்லமாக இன்னொரு தரம் வாசித்துக் காட்டினேன்.

அப்பா சுகமாகித் திரும்பி வந்தார். என் உடன்படிக்கைதான் பலித்தது என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தப் பின்னேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவுக்கு என் வாசிப்புப் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான். அந்த வீட்டில் என்னைவிடப் பயந்துபோய் இருந்தவர் அவர் என்பது தெரியவில்லை.