ஐயரின் முழங்கால் பாய்

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் சிறிய ஆலயத்தில், பலிபீடத்துக்கு வலப்பக்கம் ஒரு கோரைப் பாய் கிடக்கிறது. ஓர் ஆள் முழங்காலிட மட்டுமே போதுமான பாய். அதன் நடுவே இரண்டு இடங்களில் கோரை தேய்ந்து, உள்ளே ஓடும் நூல் தெரியும். முன்பிருந்த போதகரின் காலத்தில் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சபை மூப்பர் முதலில் காட்டுவது அந்தத் தேய்மானத்தைத்தான். "பாத்தீங்களா, எங்க ஐயரு முட்டி போட்டுத் தேஞ்ச எடம். இந்தச் சுத்து வட்டாரத்துல இப்படி ஜெபம் பண்ற ஆளு ஒருத்தரக் காட்டுங்க பாக்கலாம்" என்று சவால் விடுவார். போதகரை ஐயர் என்று சொல்வது எங்கள் சபையின் வழக்கம். வந்தவர்கள் குனிந்து பாயைப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஐயர் ஜன்னல் வழியே தெரியும் மலைப்பாறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பாயைக் கடைத்தெருவிலிருந்த ராவுத்தரிடம் சொல்லி நெய்து வாங்கியவர் ஐயரேதான். பள்ளிக்கூடத்துக்குப் பாய் வாங்க நான் போயிருந்தபோது ராவுத்தர் அந்தக் கதையைச் சொன்னார். "எதுக்கு இவ்ளோ சின்னதுன்னு கேட்டேன். முட்டி போடன்னாரு. அட, எங்க தொழுகைப் பாயி கூட இதவிடப் பெருசு ஐயரே, நெத்திய எங்க வெப்பீங்கன்னேன். சிரிச்சாரு மனுசன், அப்படிச் சிரிச்சாரு!" ஐயர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் இங்கே வேலைக்கு வந்தபோது அவருடைய சிரிப்பு முடிந்துபோயிருந்தது.

நான் சபைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. தொண்டூர்ப் பக்கம் கூலிவேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வம்சத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காத முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கர்வம் வருகிறது, வரட்டும். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பை ஐயர் எனக்குக் கொடுத்தார். முதல் வாரம் என் நைனா ஊரிலிருந்து நடந்தே வந்து, கடைசி வரிசையில் தூணைப் பிடித்தபடி நின்று கேட்டார். வெளியே வந்ததும், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "எம் பொண்ணு தடுக்காம படிக்குது பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் வருவதற்கு முந்தின கோடையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் வாந்திபேதி பரவியிருந்தது. ஐயர் வீடு வீடாகப் போய்த் தலையில் கை வைத்து ஜெபித்தார். அநேகமாக அவர் கை வைத்த பிள்ளைகளையெல்லாம் அவரே அடக்கம் செய்தார். தாய்மார்கள் அவரைக் குறை சொல்லவில்லை. "நீங்க வந்து ஜெபம் பண்ணீங்களே, அதுவே போதும் ஐயரே" என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். திட்டியிருந்தால்கூட அவருக்கு எளிதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மனைவியை முன்பே இழந்தவர். அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினால், ஒரு வாய் காப்பி கொடுத்து இன்னா ஆச்சு என்று கேட்க ஆளில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய ஜெபம் நீண்டது. ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்த பின்னும் அவர் பாயில் முழங்காலிட்டபடியே இருப்பார். உதடு அசையாது. சபை மெய்சிலிர்த்தது. வார்த்தையே தேவைப்படாத அளவுக்கு ஆண்டவரோடு நெருங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்ச் சபையார்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் வந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் ஐயர் என்னை அழைத்து, தினமும் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால் ஆலயத்துக்கு வந்து ஒரு வேதப்பகுதியைச் சத்தமாக வாசிக்க முடியுமா என்று கேட்டார். "கண்ணு மங்குதும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடிந்ததும் தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போவேன். அவர் பாயில் முழங்காலிட்டிருப்பார். நான் வாசிப்பேன். சில நாள் நடுவில் கையைத் தூக்கி, "அத இன்னொரு தரம்" என்பார். அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஓர் அமாவாசை நாள் மாலை, ஊருக்குப் போகப் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஐயரும் அங்கே நின்றிருந்தார். தூரத்து வளைவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பஸ் திரும்பியது. நான் கையை நீட்டினேன். "கைய எறக்கும்மா, அது உங்க ஊருப் பக்கம் போறது இல்ல. மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல்" என்றார். பஸ் நெருங்கி வந்த பிறகுதான் அதன் ஊர்ப் பலகையில் எழுத்து இருப்பதே எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னது சரி. என் முகத்தைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊரிலிருந்து திரும்பி வாசிக்கப் போனபோது புத்தகத்தைத் திறக்காமல் நின்றேன். அவரே சொன்னார். "கண்ணு நல்லாத்தான் இருக்குதும்மா. நானே வாசிச்சா எனக்கு ஒண்ணும் கேக்கல. வெறும் எழுத்தாப் போவுது. வேற ஆளு வாசிச்சா எங்கியோ கொஞ்சம் கேக்குது. அதுக்குத்தான்." பிறகு பாயைத் தடவியபடி, "இங்க முட்டி போட்டு நான் ஜெபம் பண்ணி வருசம் ஆவப் போவுது. வார்த்த வரல. வருமான்னு குந்தியிருக்கேன், அவ்ளோதான்" என்றார். யாரிடமாவது சொல்லலாமே என்றேன். "எப்படிச் சொல்றது? அவங்களுக்கு இந்தப் பாயி வேணும்மா."

ஆனாலும் அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். மூப்பர் வீட்டு ஜெபக்கூட்டம். அங்கே ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தைச் சொல்ல, கடைசியில் ஐயர் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிப்பது வழக்கம். மருமகளுக்குக் குழந்தை, சினை நிற்காத எருமை, வறண்ட கிணறு என்று எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. ஐயர் எழுந்திருக்காமல், "இன்னிக்கு எனக்கும் ஒரு விண்ணப்பம் இருக்குது. நீங்க யாராச்சும் எனக்காக ஜெபம் பண்ணணும்" என்றார்.

மூப்பர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா இருக்குதே! டாக்டருக்கு நோயாளி ஊசி போடறதா? இந்தத் தாழ்மைய வேற எங்கியாவது பாத்ததுண்டா?" வீடே சிரித்தது. எருமைக்காரப் பெண், "எங்க ஜெபம் எங்க எருமைகிட்டயே எடுபடல ஐயரே" என்று சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. ஐயரும் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. "நான் பண்றேன்" என்று எழுந்தேன்.

எங்கள் சபையில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. பெண் வாசிக்கலாம், ஆண்கள் இருக்கும் இடத்தில் வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது. மூப்பரின் சிரிப்பு நின்றது. "இன்னா டீச்சரு, படிச்சுட்டா ஐயருக்கே கை வெச்சுடுவியா? வாசிக்கறதோட நிறுத்திக்கோ. உக்காரு." என் மாமி முறையாகும் ஒருத்தி என் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஐயர் முழங்காலிட்டார். எல்லோரும் கண்ணை மூடினோம். வார்த்தை வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. யாரோ ஒருத்தி உருகி அழுதாள். கடைசியில் மூப்பரே ஆமென் சொன்னார். வெளியே வரும்போது, இப்படி ஒரு ஜெபத்தைக் கண்டதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்த வாரம் ஐயர் ஊழியத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டியோடு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார். பாயை எடுத்துப் போகவில்லை. வழியனுப்ப நானும் ராவுத்தரும் மட்டும் நின்றோம். சபை அவரை மன்னிக்கவில்லை. பின்வாங்கிப் போனவர் என்றார்கள். அவ்வளவு ஜெபித்த மனுஷனையே சாத்தான் விழுங்கிவிட்டான் பார் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள்.

ஆசிரியர் கூட்டத்துக்குத் திண்டிவனம் போனபோது அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஏதோ விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். "யாருக்கும் நான் யாருன்னு தெரியாது. பக்கத்துல ஒரு கெழவரு, கொட்டாவி விட்டுக்கினே எல்லாருக்காவும் ஜெபம் பண்றாரு. எம் பேரக் கேட்டு, எனக்கும் பண்ணாரு" என்றார். அதை ஒரு பெரிய செய்தியைப் போலச் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. எங்கள் ஆலய அறிவிப்பில் அதை யாரும் வாசிக்கவில்லை.

அப்படி ஒன்றும் நாங்கள் கெட்டவர்கள் அல்ல. அவருக்கு அரிசி கொடுத்தோம், கோழி கொடுத்தோம், மாலை போட்டோம். வளர வேண்டியவர்கள் நாங்கள், வளர்ந்து முடித்தவர் ஐயர் என்று நம்பினோம். அதுதான் எங்கள் பிழை. சபையை நடத்துகிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்வேன்: நீங்கள் வறண்டு போகும் நாளில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடமே கேளுங்கள். சிரித்தால் மறுபடியும் கேளுங்கள். ஐயர் ஒரு முறைதான் கேட்டார்.

இப்போது புதிய போதகர் வந்திருக்கிறார். இளைஞர், நல்ல குரல். பின்வாங்கியவர் பாய் என்று மூலையில் சுருட்டி வைத்திருந்ததை அவரே எடுத்து உதறி, பழைய இடத்தில் போட்டுக்கொண்டார். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்த பின் அவர் அந்தத் தேய்ந்த இடத்திலேயே முழங்காலிட்டு, நெடுநேரம் எழவில்லை. மூப்பர் என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா டீச்சரு, பழையவரையே மிஞ்சிடுவாரு போலிருக்குது" என்றார். நேரே முன்னால் நடந்தேன்.

"ஐயா, உங்களுக்காக நான் என்ன கேட்டு ஜெபம் பண்ணட்டும்?"

அவர் நிமிர்ந்து, பழகிய ஒரு புன்னகையோடு, "எனக்கென்னம்மா குறை" என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். புன்னகை போய்விட்டது. பாயைப் பார்த்தார். பிறகு தேய்ந்த இடத்திலிருந்து ஒரு முழங்காலை எடுத்துத் தரையில் வைத்து நகர்ந்துகொண்டார்.

பாயில் பாதி இடம்தான் இருந்தது. ஒரு முழங்கால் கோரையிலும் ஒரு முழங்கால் வெறுந்தரையிலுமாக நான் வாய் திறந்தேன். பின்னால் மூப்பர் பலமாகக் கனைத்தார். நான் நிறுத்தவில்லை.