மஞ்சளுக்கு அடியில் என் மகள்

என் மகள் என்ன நிறம் என்று அவள் பிறந்து வெகுநாள்வரை எனக்குத் தெரியாது. பெற்றவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் அந்த மழைக்காலத்தில் கொல்லிமலையில் அவளைப் பார்த்த யாருக்குமே தெரியாது. அவள்மேல் அவ்வளவு மஞ்சள்.

முதல் பிரசவத்துக்குச் சேந்தமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுவதாகத்தான் ஏற்பாடு. மழை முந்திக்கொண்டது, அவளும் முந்திக்கொண்டாள். வாசலூர்பட்டியில், காட்டிலாகா குமாஸ்தாவான என் கணவருக்குக் கொடுத்திருந்த ஓட்டு வீட்டிலேயே பிறந்தாள். பக்கத்தில் சாமை விதைக்கும் வீட்டு அக்கா வந்து பிரசவம் பார்த்தாள். அன்று முதல் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அவள்தான். வரும்போதே மடியில் ஒரு மஞ்சள் கிழங்கு இருக்கும். அதைக் கல்லில் உரைத்து, விளக்கெண்ணெயில் குழைத்து, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துவிடுவாள்.

"பொட்டப்புள்ளைக்கு மஞ்சதான் சட்டை, சாமி. சளி அண்டாது, பூச்சி கிட்ட வராது" என்பாள்.

எனக்கும் ஆட்சேபணை இல்லை, புத்தகத்தைத் திறக்கும்வரை.

சேலத்தில் படித்தபோது வாங்கிய ஆங்கில மனையியல் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் கடைசி அத்தியாயம் சிசு பராமரிப்பு. பள்ளியில் அந்த அத்தியாயத்துக்கு வருமுன் பரீட்சை வந்துவிட்டது. இப்போது பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். பிறந்த குழந்தையின் தோல் மஞ்சளாகத் தெரிந்தால் கவனிக்கவும், கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவும் என்று போட்டிருந்தது. புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு மடியைப் பார்த்தேன். பொங்கல் பானையில் கட்டும் கிழங்குபோல் கிடந்தாள் என் மகள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் வந்தால் அகராதியைப் பார் என்று எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்ததால் அதையும் எடுத்தேன். 'எல்லோ' என்ற வார்த்தையை நான் அதுவரை சாமந்திப்பூவுக்குத்தான் எழுதியிருந்தேன். அதற்குப் பின்னால் இத்தனை கேடு இருக்குமென்று நினைக்கவில்லை. பழசாகி மங்கிய காகிதம் எல்லோ. பொறாமைக்காரன் எல்லோ. கோழை எல்லோ. ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போகும் ஒரு காய்ச்சலுக்கும் அதே பெயர். நோய் கண்ட கப்பலில் ஏற்றுகிற கொடியும் அந்த நிறம். நமக்கோ கல்யாணப் பத்திரிகையின் மூலையில், புதுத்துணியின் ஓரத்தில், கழுத்துக் கயிற்றில், நல்லது எதுவானாலும் மஞ்சள்தான். துரைமார்களுக்கு மஞ்சள்மேல் என்ன கோபமோ!

சாயங்காலம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

"கப்பலு கொல்லிமலைக்கு வராது. நீ அகராதிய மூடி வை" என்றார்.

"கோழைன்னும் போட்டிருக்குதுங்களே?"

"பொறந்த புள்ளைக்கு என்ன பயம்? நீ முழிக்கிற முழியப் பார்த்தாத்தான் பயந்துக்கும்."

ஆனால் அந்தப் புத்தகம் அவரையும் விடவில்லை. ஆரோக்கியமான குழந்தையின் மலம் கடுகு நிறத்தில் இருக்க வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் ஓடிப்போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். கடுகு கறுப்பாக இருந்தது. குழந்தையுடையதோ நல்ல மஞ்சள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் வெகுநேரம் யோசித்து, முகாமுக்கு வந்த ஒரு துரை, கடுகை மஞ்சள் விழுதாகப் புட்டியில் வைத்துக்கொண்டு கறியில் தடவித் தின்றதைத் தாம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். ஆக, மஞ்சள் குழந்தை கழித்த துணியில் இருந்தால் நல்லது, தோலில் இருந்தால் கெட்டது. இதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

மறுநாள் அக்காவிடம், "இன்னிக்கு ஒருநாள் மஞ்சள் வேண்டாமுங்கக்கா" என்றேன்.

"ஏங்கண்ணு, மஞ்ச வெலை ஏறிப்போச்சா? எங்க காட்டுலதான வெளையுது!"

"அதுக்கில்லீங்க..."

"வெறும் மேலோட உடறதுக்கு அதென்ன நாய்க்குட்டியா?" என்று இரண்டு கை சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போனாள். இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் தலை மறைந்ததும் பாசிப்பயற்று மாவால் துடைத்தேன். பிறகு கணவரின் சவர சோப்பால். மஞ்சள் குறைந்ததா, குறைந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா என்று சொல்ல முடியவில்லை. நானும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பவள். தொட்ட கை மஞ்சள். அவளைச் சுற்றிய துணி என் பழைய சேலையில் கிழித்தது. அதுவும் மஞ்சள் ஏறியது. கணவர் ஒத்துப்பார்க்க வெள்ளைக் காகிதம் கொண்டுவந்தார். மலை ஈரத்தில் சர்க்கார் காகிதமும் பழுத்திருந்தது. விளக்கொளியில் பார்த்தால் ஊரே மஞ்சள். வாசலுக்குத் தூக்கிப் போனால் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. கண்ணையாவது பார்ப்போம் என்றால் திறந்தால்தானே! பால் குடிக்கும்போது மட்டும் திறப்பாள், அதுவும் என் நெஞ்சுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழி அப்போதுதான் ஞாபகம் வந்தது. காமாலை எனக்கோ என்று அதற்கு வேறு பயந்தேன்.

மழை கொஞ்சம் வெறித்தது. சேந்தமங்கலத்து டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று, என்னைத் தூக்கிக்கொண்டு இறங்க கணவர் டோலிக்கு ஆள் சொன்னார். பாதை வழுக்கும். மேலே இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ, இறங்கினால் வழியில் என்ன ஆகுமோ என்று, எது சரி என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா கொதித்தாள். "பச்ச ஒடம்போட மலை எறங்கறாளாம்! ஏனுங்க, நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா அகராதியத் தூக்கிட்டு வருவா" என்றார் கணவர்.

வேறு யார் கையையும் நம்பாமல் குழந்தையை அக்காவே நெஞ்சோடு கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழுக்குப் பாறையில் டோலி சாய்ந்தபோதெல்லாம் நான் கத்தினேன். குழந்தை தூங்கினாள். அடிவாரம் வந்து நான் டோலியிலிருந்து இறங்கிப் பார்த்தால், அக்கா ஓடையோரக் கல்லில் கிழங்கை உரைத்து முடித்திருந்தாள்.

"அக்கா! என்னங்க பண்ணறீங்க?"

"ஊருக்குள்ள போறோமல்ல? புள்ள பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?"

என் மகள் தகதகவென்று மின்னினாள்.

சேந்தமங்கலத்து டாக்டர் வயதானவர். நான் வாயைத் திறக்குமுன் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்குது?"

"எனக்கில்லீங்க, குழந்தைக்குங்க."

குழந்தையைப் பார்த்தார். பிறகு முழங்கைவரை மஞ்சளேறிய அக்காவின் கையைப் பார்த்தார். "மூணு பேருக்குமா?" என்றார்.

வெந்நீரும் சோப்பும் கொண்டுவரச் சொல்லி நெற்றியில் ஒரு சிறு இடத்தைப் பொறுமையாகத் துடைத்தார். விரலால் அழுத்தி எடுத்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்க் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தார். நாங்கள் கெஞ்சியும் திறக்காத கண்களை அவருக்காகப் பெரிதாகத் திறந்தாள்.

"லேசா இருக்குது. எறங்கிட்டு வருது, தானாப் போயிரும். பால் நல்லாக் குடிக்குதா?"

"குடிக்குதுங்க."

"அப்பப் பயமில்ல. இதுல காலேயரைக்கால்தான் காமாலை. மிச்சமெல்லாம் இந்த அம்மா." அக்காவைக் காட்டினார். அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "நான் சொல்ற வரைக்கும் புள்ளை மேல மஞ்சள் வைக்கக் கூடாது."

"டாக்டரு சொன்னாச் சரிங்க" என்றாள் அக்கா. தெருவுக்கு வந்ததும், "பாவம், அவருக்குப் பொட்டப்புள்ள இல்லையாட்ட இருக்குது" என்றாள்.

அக்கா மலையேறிவிட்டாள். நான் குழந்தையோடு அம்மா வீட்டில் தங்கினேன். புத்தகம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று ஒரு வேளை நிம்மதி. சரியாகச் சொல்லிவிட்டதே என்று மறுவேளை பயம். தினமும் காலையில் ஜன்னலருகே கண்ணைப் பார்ப்பதே என் வேலை. டாக்டரும் ஒருநாள் பார்த்து, இனி வரவேண்டாம் என்றார்.

மழை ஓய்ந்து மலைக்குத் திரும்பிய அன்றே அக்கா வந்தாள். குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, இதப் பாக்கவா அந்தப் பாடு பட்ட? நம்ம காட்டு மொளகாட்டமல்ல இருக்குது!"

"அப்பன் நெறம்" என்றார் கணவர், மீசையைத் தடவிக்கொண்டு.

நான் நிறத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கறுப்பு முகத்தில் கண் இரண்டும் உரித்த பூண்டுபோல் வெள்ளையாக இருந்தன. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்க்கவில்லை என்று நினைத்து, அக்கா மடியிலிருந்து எதையோ எடுத்து, குழந்தையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தாள். நான் பார்த்தேன். அவள் போனபிறகு அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். உள்ளங்காலைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை. மறுபடியும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் போடவில்லைதான்.