கோட்டு போட்ட பெரியப்பா

செத்துப்போன பெரியப்பா முதன்முதலாகக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டது தாம்பரத்து ஃபிளக்ஸ் கடை ஒன்றில்தான். உயிரோடு இருந்தவரை மைதானத்தில் அரை டிராயர், வீட்டில் லுங்கி, கல்யாணத்துக்குப் போனால் அதே லுங்கிக்கு மேல் ஒரு சட்டை. அவ்வளவுதான் அவர்.

பெரியப்பா கபடி ஆட்டக்காரர். இரும்புலியூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்த மைதானத்தில் போய்க் கேட்டாலும் 'தோட்டா' என்றால் அவர்தான். பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டார். ஆட்டத்துக்காகவே அரசாங்க வேலை கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் போய் மேலதிகாரியை அடித்ததில் அது போயிற்று. அதற்கப்புறம் அடி வீட்டுக்குள் வந்தது. ஒருமுறை பெரியம்மாவின் கையில் மாவுக்கட்டு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் பெண்கள் அடிக்கடி குழாயடியில் வழுக்கி விழுந்தார்கள்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் பெரியம்மா துணி மூட்டையோடு கூடுவாஞ்சேரியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தையல் வேலைக்குச் சேர்ந்தார். திரும்பி வரவில்லை. பெரியப்பா சில வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அவர் செத்து ஒரு வருஷம் ஆகப்போகும் சமயத்தில் கபடி கிளப் அண்ணன்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியப்பா பெயரில் ஒரு போட்டி, ஒரு நினைவுச் சுழற்கோப்பை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா மட்டும் காபி டம்ளர்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கோப்பையில் பேரைப் போடுவீங்க, அக்கா கையை ஒடைச்சதையும் அதுல எழுதுவீங்களா என்று கேட்டாள்.

கிளப் செயலாளர் அண்ணன் பணிவாகச் சொன்னார்: "கிரவுண்டுல அவரு ஒரு ஃபவுல் பண்ணதில்லக்கா."

"ஆமா. எல்லாத்தையும் வூட்டுக்குன்னு எடுத்து வெச்சிகினாரு."

கோப்பை வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தவர் ஹார்டுவேர் கடை பாய். பெரியப்பா ஆடினால் முதல் வரிசையில் நின்று விசிலடிப்பவர். அவருடைய கடைக் கண்ணாடியைப் பெரியப்பா ஒருமுறை கல்லால் உடைத்தும் இருக்கிறார். இரண்டு பக்கமும் தெரிந்த மனிதர். அம்மா சொன்னது அவர் காதுக்குப் போனதும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"இன்னா பா, அந்தம்மா வந்து தன் கையால கப்பைக் குடுக்கட்டும். அவங்களே வேணாம்னு சொன்ன ஆளுக்கு நான் இன்னாத்துக்கு மரியாதை செய்யணும்?"

இப்படியாக, பெரியப்பாவின் பெயர் நிற்குமா நிற்காதா என்பது பெரியம்மாவின் கைக்குப் போனது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்கு ரயிலேறினார். குழந்தையைப் பார்த்தால் மனசு இளகும் என்று கணக்கு. பெரியம்மா எனக்குப் பொரித்த அப்பளம் கொடுத்தார்; அப்பா பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார்; வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எந்தப் படம் போடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தாம்பரத்தில் வந்து இறங்கியதும் நேராக ஃபிளக்ஸ் கடைக்குப் போனோம். செயலாளர் அண்ணனும் வந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் பெரியப்பா நீலக் கோட்டு, சிவப்பு டை, எலுமிச்சை நிறத்தில் முகம் என்று இருந்தார். ஜெர்சி படம் இருக்கும்போது கோட்டு எதற்கு என்று செயலாளர் அண்ணன் வருத்தப்பட்டார். இறந்தவர்களுக்குக் கோட்டு போட்டால்தான் மரியாதை என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். பின்னாளில் நான் பல ஊர் சுற்றி, ஃபிளக்ஸ் கட்டும் வேலையும் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சொன்னது சரிதான். கண்ணீர் அஞ்சலியில் கோட்டு போடாத ஆம்பிளைகள் குறைவு.

பெரியம்மாவுக்குக் கோட்டில் ஆட்சேபணை இல்லை. செத்தப்புறமாவது ஒரு நல்ல துணி போட்டுக்கொள்ளட்டும் என்றார். பிறகு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"நெத்தியில இருந்தது எங்க?"

பெரியப்பாவின் நெற்றியில் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. திரையில் அது இல்லை. முகத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னது அண்ணன்தான் என்று கடைக்காரர் அப்பாவைக் காட்டினார். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று சொன்னேன் என்று அப்பா முணுமுணுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தழும்பின் கதை எங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் மனப்பாடம். திருச்சி ஃபைனலில் நாலு பேர் சேர்ந்து அமுக்கியும், நெற்றி பிளந்து ரத்தம் வழிய நடுக்கோட்டைத் தொட்டார் பெரியப்பா. அப்பாவே எங்களுக்குச் சொன்னதுதான். பெரியம்மா கூடுவாஞ்சேரிக்குப் போன அதே வாரம் அவர் நெற்றியில் தையலோடு படுத்திருந்ததும் எனக்கு நினைவிருந்தது. ஃபைனல் அந்த வாரம்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால் பாவம் என்று, முழுக் கதையையும் நடித்தே காட்டினேன்.

பெரியம்மா கடைசிவரை கேட்டார். "அப்பிடியா சொல்லி வெச்சிருக்காங்க" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதைத் திரும்பப் போடச் சொல்லுங்க. அது இருந்தா நான் மேடைக்கு வர்றேன். இல்லன்னா இப்பவே ரயிலேறிடறேன்."

செயலாளர் அண்ணன் "அது விழுப்புண்ணு அண்ணி. நீங்களாவது புரிஞ்சிகினீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். சுத்தம் பண்ணாத பழைய படம் அழிந்துவிட்டது, அளவு தெரியாமல் எப்படி வரைவது என்று கடைக்காரர் கேட்டார். பெரியம்மா தன் நெற்றியில் விரலை வைத்து, எங்கே ஆரம்பம், எங்கே வளைவு, எங்கே முடிவு என்று காட்டினார். கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் ஆழம் என்று சொல்லிச் சொல்லித் திருத்தினார். கடைக்காரர் வரைந்து முடித்ததும் பெரியம்மா, இப்போதுதான் அவர் மாதிரி இருக்கிறார் என்றார்.

போட்டி நன்றாகவே நடந்தது. இருபதடி உயரத்தில் பெரியப்பா கோட்டும் தழும்புமாக நின்றார். மைக்கில் பேசியவர்கள் அத்தனை பேரும் விழுப்புண்ணைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எதிரணியில் ஆள் கூடிக்கொண்டே போனது. பெரியம்மா முதல் வரிசை நாற்காலியில், மெரூன் புடவையில், ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்த டீமுக்குக் கோப்பையைக் கொடுத்தபோது பையன்கள் காலில் விழுந்தார்கள். பாய் விசிலடித்தார். பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எவ்வளவு பாசம் என்று தெருவே பேசிக்கொண்டது.

அன்று சாயங்காலம் பெரியம்மா எங்கள் வீட்டில் தங்கினார். நான் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, அந்த தோசைத் திருப்பி இன்னும் கீதா?"

"இல்லாம? முனை லேசா வளைஞ்சிருக்கு. தோசை நல்லாத்தான் வருது."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இன்றைக்கு தோசை. தட்டை எடுத்துக்கொண்டு போய் முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

உப்புமாதான் வந்தது.