கழுவி வைத்த ஆறு வால்வுகள்

காலை 7.10. சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையம். கும்மிடிப்பூண்டிக்குப் பதினைந்து ரூபாய் சீட்டு. நாற்பத்தேழு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இந்த வண்டியில் ஊர் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. எல்லோர் மடியிலும் சாப்பாட்டுப் பை இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். என் கழுத்திலும் ஒன்று தொங்கியது. கடலோர அணுமின் நிலையம் ஒன்றில் நான் தர ஆய்வாளர். எங்களுக்காக ஆறு எஃகு வால்வுகள் செய்து வைத்திருக்கும் ஒரு சிறிய ஆலைக்குப் போகிறேன். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவை அந்த ஆலையின் கேட்டைத் தாண்டும்.

8.05. அத்திப்பட்டு. இடப்பக்கம் வீடுகள், வலப்பக்கம் தூரத்தில் புகைபோக்கிகள். இது என் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நிலக்கரிக் கிடங்கு ஒன்றில், கரி ஏறிப்போகும் பெல்ட் ஓரம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து நிறுத்தலாம் என்று பலகை சொல்லும். பலகையைப் படிக்கத் தெரியாத நைனா, கூட இருந்தவரின் சட்டை சிக்கியபோது கயிற்றை இழுத்தார். அந்த மனிதர் பிழைத்தார். பெல்ட் நின்றதற்காக ஒப்பந்தக்காரர் நைனாவை வேலை தராமல் ஒன்பது நாள் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

8.40. கும்மிடிப்பூண்டி. நிலையத்து வாசலில் ஷேர் ஆட்டோ, தொழிற்பேட்டைக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

“இன்டர்வியூவா மா?”

“இல்லண்ணா. இன்ஸ்பெக்‌ஷன்.”

“நீயா? டீ குடுத்து, சைன் வாங்கிக்கினு அனுப்சிடுவானுங்க பாரு.”

“டீ குடிப்பேன். மத்தத நான்தான் முடிவு பண்ணுவேன்.”

“அப்படிப் போடு!” என்று ஹாரனை ஒருமுறை அடித்தார். முன்னால் யாருமே இல்லை.

9.15. ஆலை. ஒரு பக்கம் கடைசல் இயந்திரங்களின் இரைச்சல், மறுபக்கம் சோதனைக் கூடம். மேசைமேல் ஆறு வால்வுகளும் வரிசையாகப் பளபளத்தன. போர்மேன் ஆரோக்கியம் அண்ணன், ஐம்பது வயதிருக்கும், கைகட்டி நின்றார்.

“நியூக்ளியர்லேர்ந்து மேடம் வராங்கன்னு காத்தாலயே கழுவி வச்சுக்கீறோம். மூஞ்சி பாத்துக்கலாம்.”

குனிந்து பார்த்தேன். மூஞ்சி தெரிந்தது. கூடவே, வால்வின் கழுத்து வளைவில் நூலைப்போல ஒரு வெள்ளைக் கோடும் தெரிந்தது. அந்தக் கோட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் அதே கோடு இருக்கும். கடல் உள்ளே ஏறிவிட்ட நிலம் எங்களுடையது. போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் மூன்றாம் நாள் கோடு திரும்பி வரும்.

“எதுல கழுவினீங்க அண்ணா?”

“தண்ணிலதான். இன்னா கேள்வி இது?” மூலையில் போர் தண்ணீர்க் குழாயில் மாட்டிக் கிடந்த ரப்பர் குழாயைக் காட்டினார்.

பதிவேட்டில் தவறே இல்லை. அழுத்தச் சோதனையை உப்பு நீக்கிய தண்ணீரில்தான் செய்திருந்தார்கள். அதற்கென நீல நிற டிரம்கள் இருந்தன. ஆனால் சோதனை முடிந்தபிறகு கழுவியது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்கு அது வேலையே இல்லை, விருந்தாளிக்குச் செய்த மரியாதை.

இப்படிக் கழுவியதை ஏற்க முடியாது என்று நான் சொன்னதைக் கேள்விப்பட்டு மேலாளர் வந்தார். “தண்ணி பட்டா எவர்சில்வர் கெட்டுடுமா மேடம்? ஊட்ல நீங்க பாத்திரமே கழுவறதில்லயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கழுவறேன் சார். ஆனா என் பாத்திரத்துல இருநூறு டிகிரிக்கு மேல கொதிக்கிற தண்ணி அழுத்தத்தோட வருஷக்கணக்கா ஓடாது. இதுல ஓடும். உப்பு உள்ள தங்கினா முடி மாதிரி விரிசல் விடும். வெளியில தெரியாது.”

தண்ணீரில் உப்பை அளக்கும் கருவி எங்கே என்றேன். சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்களாம். ஆரோக்கியம் அண்ணனே வழி சொன்னார்: “எதிர்க்க கேன் தண்ணி கடைல பேனா மாதிரி ஒன்னு வச்சிருப்பான். தண்ணில உட்டா நம்பர் காட்டும்.” அவரே போய் வாங்கிவந்தார்.

டிரம் தண்ணீரில் விட்டோம்: 1. குழாய்த் தண்ணீரில்: 1180. டிரம் தண்ணீரை ஒரு வால்வுக்குள் ஊற்றி, அலசி, சுத்தமான கண்ணாடித் தம்ளரில் பிடித்து அதிலும் விட்டோம்: 64.

ஒன்று அறுபத்துநான்கானது வால்வுக்குள் தங்கியிருந்த உப்பால்தான்.

11.30. மாலை நாலு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். மேலாளர் என் பிரிவுத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, என்னிடம் நீட்டினார்.

“லேசா தொடைச்சு அனுப்ப முடியாதாம்மா? இங்க நாள் போய்ட்டிருக்கு,” என்றார் தலைவர்.

“சரி சார். அதையே ஒரு மெயில்ல எழுதிடுங்க. என் ரிப்போர்ட்டோட சேத்துடறேன்.”

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

“மெயில் வேண்டாம்,” என்றார் தலைவர். “நிறுத்தி வை. எப்ப முடியும்?”

“கழட்டி, அலசி, அளந்து, மறுபடி பூட்டணும். நாளைக்கு மத்தியானம் சார்.”

ஆறு வால்வுகளுக்கும் சிவப்பு அட்டை கட்டினேன். மேலாளர் “பேஜாரு” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆரோக்கியம் அண்ணன் போகவில்லை.

“கழுவச் சொன்னது நான்தான். என் பேர எழுதிடுவியா?” காலையிலிருந்து மேடம் என்றவர் இப்போது அப்படிச் சொல்லவில்லை.

தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். “பேர் எழுத இதுல கட்டமே இல்லண்ணா. என்ன நடந்துச்சு, இனிமே எப்படி நடக்காம பாக்கறது. ரெண்டே கட்டம்.”

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். போர் குழாயின் திருகுபிடியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டார். “ரெண்டாவது கட்டத்துல இத எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

மாலை 5.15. திரும்பும்போதும் அதே ஆட்டோ. “இன்னாமா, டீ குடிச்சியா?”

“ரெண்டு.”

“சைனு?”

“போடல.”

இந்தமுறை ஹாரனை அவர் நீளமாக அடித்தார். கும்மிடிப்பூண்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மூலையில் திருகுபிடி இல்லாமல் நிற்கும் ஒரு குழாய்.

6.20. நாளை காலை மறுபடி போக வேண்டும் என்பதால் அத்திப்பட்டில் இறங்கிவிட்டேன். நைனா நடைமேடையில் காத்திருந்தார். பையை வாங்கிக்கொண்டார்.

“வேல முடிஞ்சுதா?”

“இல்ல நைனா. நிறுத்திட்டேன்.”

அவர் நடை நின்றது. முகம் மாறியது. “நிறுத்திட்டியா? எத்தினி நாளு உன்ன வெளிய நிக்க வப்பானுங்க?”

“நான் எங்க நிக்கறேன்? லாரிதான் அங்க கேட்டாண்ட நின்னுக்கினு இருக்குது. நாளைக்கு நான் போனாதான் அது கெளம்பும்.”

நைனா என்னைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எதிரில் வந்த தெரிந்தவர் ஒருவர் “பொண்ணு வந்துகீதா?” என்று கேட்டார்.

“வந்துகீது,” என்றார் நைனா, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி. “லாரிய நிறுத்தி வச்சிட்டு வந்துகீது.”