குகை வீட்டில் குடிக்காத தண்ணீர்

கிணத்துக்கடவுப் பக்கம் முதல் கல்குவாரி நான் வைத்தது. ஒரு சம்மட்டியோடு வந்தவன், இரண்டு லாரி, மச்சு வீடு, பொட்டல் காட்டில் ஒரு தென்னந்தோப்பு என்று உண்டாக்கினேன், அதுவும் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

அறுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருடம். கிணறெல்லாம் வறண்டு, கள்ளிகூடக் கருகி நின்றது. புதிதாகக் குத்தகை எடுத்த மலையில் வெடி வைக்கும் முன் பாறையைப் பார்க்க, நானும் மச்சான் பழனிச்சாமியும் உச்சி வெயிலில் ஏறினோம். என் மனைவியின் அண்ணன், தொழிலில் கூட்டாளி. செங்குத்துப் பாறையின் நடுவில் ஆதிகாலத்து ஆட்கள் குடியிருந்த குகைகள் உண்டு. தரையில் படுக்கை செதுக்கி, கூரையில் காவியால் மான் வரைந்திருப்பார்கள்.

மச்சான் ஒரு குகை வாசலில் நின்று கேலியாகக் கூப்பிட்டான். "ஏனுங்க, ஊட்ல ஆருங்க?"

"வாங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க."

எதிரொலி என்பீர்கள். எதிரொலி தண்ணீர் குடிக்கச் சொல்லுமா?

உள்ளே ஆளில்லை. பாறைக் குழியில் தண்ணீர் மட்டும் தளும்பி நின்றது. மச்சான் அள்ளிக் குடித்தான். "குடி மாப்ளே, எளநி மாதிரி இருக்குது."

நான் குடிக்கவில்லை. பயமில்லை. யார் வீடோ, என்ன ஆட்களோ என்ற யோசனை. அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் முதலில் வரும்.

திரும்பி நடந்தேன். பின்னால் அதே குரல், கோபமே இல்லாமல், "ஏனுங்க, நம்மூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதுங்களா?"

மச்சானுக்கு அது கேட்கவேயில்லையாம். கீழே வந்ததும், "இங்க வெடி வெக்கக் கூடாது மாப்ளே, தண்ணி குடிச்ச ஊடு" என்றான்.

"குத்தகை போயிருமே?"

"போவுட்டும். வேணும்னா என்னை உள்ள உக்கார வெச்சுப்போட்டு வெடி வெய்யி."

விட்டுவிட்டேன். குத்தகை என் பெயரில், நஷ்டம் முழுக்க என் தலையில். மச்சான் காலமான பிறகு தனியாக ஏறிப் போனேன், ஒரு கை குடித்துவிடலாம் என்று. குழியே இல்லை, வழவழவென்று வெறும் பாறை. தொண்டை வறளக் கூப்பிட்டேன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவனை வாங்க என்று சொல்லாவிட்டால், அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். இன்றைக்கும் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முழுச் சொம்பும் குடித்துவிடுகிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி காதை விட்டுப் போகவில்லை.

இப்போது அங்கே பலகை நட்டு, குகையைக் கண்டுபிடித்த படித்தவர்கள் பெயரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். மலை நின்றதால்தானே கண்டுபிடித்தார்கள்? மச்சான் பெயரை மேலே எழுதுங்கள், அந்த வீட்டில் தண்ணீர் குடித்தவன் அவன். அதற்குக் கீழே, வெடி வைக்காமல் விட்டவன் என்று என் பெயரும் இருக்க வேண்டும்.