வெடித்த இடம் சொல்லும் பெட்டி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பெங்களூரில் கச்சேரி அரங்குகளுக்கு ஒலியமைப்பு செய்துகொடுத்த காலத்திலும் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடந்துகொண்டேதான் இருப்பேன். மிருதங்கச் சத்தம் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. நல்ல சம்பளம், நல்ல பெயர். ஆனால் சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்கு, தூரத்தில் டமார் என்றால் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். கல்யாண வீட்டுச் சரவெடியானாலும் சரி.

ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் ஆளுக்கொரு திசை சொல்வார்கள். ஆம்புலன்ஸும் அதைக் கேட்டு அலையும். அந்தக் கூத்து எனக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூட மாடி, தண்ணீர்த் தொட்டி என்று அங்கங்கே மைக் கட்டினேன். ஒரே சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேரும். அந்த வித்தியாசத்தை வைத்து இடம் சொல்ல ஒரு பெட்டி செய்தேன். இந்த வட்டாரத்தில் யாரும் செய்யாதது என்று என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லைதான்.

அதன்பிறகு சத்தம் கேட்டால் தெருவே என் வாசலுக்கு வரும். "நாரணாபுரம்" என்பேன் உடனே. அங்கே வேலைக்கு ஆள் அனுப்பியவர்கள் ஓடுவார்கள், மற்றவர்கள் பெருமூச்சு விட்டுக் கலைவார்கள். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

போன சீசனில் ஒருநாள் முற்பகல் சத்தம் கேட்டது. பெட்டித் திரையில் எம். புதுப்பட்டி ரோடு. அந்த ரோட்டுக் கம்பெனி ஒன்றில்தான் அக்கா வெடிக்குத் திரி வைக்கிறாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அம்மா வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம்லே?"

திரையை அவளுக்குத் தெரியாதபடி திருப்பினேன்.

"ஊருக்கெல்லாம் ஒடனே சொல்லுவே. எனக்கு மட்டும் ஏம்லே யோசிக்கே?" என்றவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவின் போனுக்கு அடித்தேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கம்பெனி வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். வெடித்தால் எல்லோரும் காட்டுப் பக்கம் ஓடுவார்கள், போனை யார் எடுப்பார்கள்? இதெல்லாம் தெரிந்தும் மணி அடிக்க அடிக்க எனக்கு உயிர் போனது. பைக் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அக்காதான்.

"நான் நல்லாத்தான்லே இருக்கேன். டீக்கடை அண்ணன் போன் இது. பக்கத்துக் கம்பெனிலதான் வெடிச்சிருக்கு. அம்மாட்ட சொல்லு."

சொன்னேன். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

அக்காவைக் கூட்டிவரப் போனேன். பக்கத்துக் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் இல்லை. கூடையில் கிடந்த போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டிருந்தன. தாங்க முடியாமல் ஒன்றைக் கையில் எடுத்தேன். 'தம்பி' என்று திரையில் வந்தது.