ஞாயிற்றுக்கிழமைதோறும் கெட்டுப்போன மெஷின்

மதுரையில் மூடிவிட்ட ஒரு மரப்பட்டறையிலிருந்து அப்பா அந்த இழைப்பு மெஷினை வாங்கி வந்தார். நாங்கள் அப்போது திண்டுக்கல்லில், முன்னால் தச்சுப் பட்டறையும் பின்னால் குடித்தனமுமாக இருந்தோம். லாரியிலிருந்து அதை இறக்கும்போதே அம்மா, "இந்தப் பழைய இரும்புக்கா இம்புட்டு ஆளு?" என்றாள். கையாலேயே பலகை இழைத்து இழைத்து அப்பாவின் தோள் ஓய்ந்துவிட்டிருந்தது. சாயங்காலமானால் பேசக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துவிடுவார்.

இரண்டு நீளமான இரும்பு மேசைகள், நடுவே கத்திகள் பூட்டிய ஓர் உருளை. முன்மேசையில் பலகையை வைத்துத் தள்ளினால், கத்தி சீவி, விளிம்பு நேராகிப் பின்மேசைக்கு வந்துவிடும். அப்படித்தான் விற்றவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அது ஒவ்வொரு பலகையின் கடைசி முனையிலும் ஒரு கடி கடித்துவிட்டே அனுப்பியது. இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டுக் கதவுக்கு வைத்திருந்த தேக்கில் பாதி இப்படி வீணானது. அப்பா மறுபடியும் இழைப்புளியைக் கையில் எடுத்தார்.

அம்மாவின் தம்பி வத்தலக்குண்டில் லாரி மெக்கானிக். அவர் மனைவி பிரசவத்தில் இறந்துபோய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. அம்மா எத்தனையோ முறை சொல்லியனுப்பியும், வேலை இருக்கிறது என்றுதான் பதில் வந்தது. மெஷின் ஓடவில்லை என்று அப்பா சொல்லியனுப்பியதும், அந்த ஞாயிற்றுக்கிழமையே காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் நேரே மெஷினிடம் போய்க் குனிந்தார்.

"பின்மேச கத்திய விடத் தாழ்ந்து கெடக்கு மச்சான். அதான் முனையக் கடிக்குது."

பின்மேசையில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றி, கத்தி சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் போகும்வரை மேசையை ஏற்றினார். கடி நின்றது. நடுவிலிருந்த வெளிச்சம் மட்டும் போகவில்லை. இரண்டு மேசைகளின்மீதும் படும்படி நீளமான இரும்புப் பட்டையை வைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். "எந்தப் பக்கம்த்தா சந்து தெரியுது?" பின்மேசையின் வெளிமுனையில் தெரிந்தது. அந்த முனை தொங்கியிருந்ததாம். போல்ட்டைத் தளர்த்தி, அடியில் ஒரு தகரத் துண்டைச் செருகி, இறுக்கினார். மறுபடி பட்டை, மறுபடி சந்து, வேறு கனத்தில் வேறு தகரம். பொழுது இப்படியே போயிற்று. எனக்குக் கழுத்து வலித்தது. கடைசியில் பலகைகள் ஒட்டிப் பிறந்தவைபோலச் சேர்ந்தன. யாரும் சந்தோஷப்பட்டதாக நினைவில்லை. எல்லாரும் அவ்வளவு அலுத்துப்போயிருந்தோம்.

அம்மா சோறு போட்டாள். மாமா நாலு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மெஷின் மறுபடி கெட்டிருந்தது. அப்பா சொல்லியனுப்பி மாமாவும் வந்திருந்தார். "ஓடுற ஆட்டத்துல மேச எறங்கிருச்சு போல மாப்ளே," என்றார் அப்பா. மாமா சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். வாரமெல்லாம் ஒழுங்காக ஓடிய மெஷின் மாமா வரும் நாளில் மட்டும் வெளிச்சம் காட்டியது. நான் சபிக்கப்பட்டவளைப்போல அந்தப் பட்டைக்கடியில் குனிந்து கிடந்தேன். மாமா மதியம் சாப்பிட்டுவிட்டு மரச்சுருள் குவியலிலேயே தூங்கிப்போவார். அம்மா அவரை எழுப்ப விடமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்குள் போனேன். அப்பா மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பின்மேசையின் போல்ட்டைத் தளர்த்தித் தகரத் துண்டை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா எடுக்குறீங்க?"

"நாளைக்கு மாமா வருவாருல்ல," என்றார்.

எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. வாரமெல்லாம் லாரிக்கடியில் கிடந்துவிட்டு வருகிற மனுஷரை இப்படியா அலைக்கழிப்பது? மறுநாள் மாமா தனியாக இருக்கும்போது அவர் காதோரம் போய், "அப்பாதான் தகரத்த எடுத்துர்றாரு மாமா. மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல," என்றேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். முகம் மழித்திருந்தார். அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"தெரியும்த்தா. அந்த ஸ்பேனர எடு."

தெரிந்தும் எதற்காக பஸ் ஏறி வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவர் போல்ட்டைத் தளர்த்தத் தொடங்கினார். பின்கட்டிலிருந்து அம்மா, "தம்பி, சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்க?" என்று கேட்டாள். மாமா கொஞ்சம் யோசித்து, "அவரைக்கா வை அக்கா," என்றார்.